மார்ச் 15-க்குள் கணக்கு முடியாதபோது

ஊரில் தொழில் நடத்திவிட்டு அமெரிக்கா வந்தவர்களிடம் ஒரு பழக்கம் கூடவே வந்திருக்கும். வரிக்கணக்கின் கடைசித் தேதி நெருங்கும்போது, அரசு அதைத் தள்ளிவைத்துவிட்டதா என்று செய்தி பார்த்துக்கொண்டே இருப்பார்கள். இந்தியாவில் அதற்கு நியாயம் உண்டு. அங்கே மத்திய நேரடி வரிகள் வாரியம் எல்லோருக்கும் சேர்த்துத் தேதியை நீட்டி அறிவிக்கும். 2025-இல்கூடத் தணிக்கை தேவைப்படாதவர்களுக்கான ஜூலை 31 கெடுவை செப்டம்பர் 15-க்குத் தள்ளியது. கடைசியில் இன்னும் ஒரு நாள் கூட்டியும் கொடுத்தது. ஆனால் ஒரு கடைக்காரர் தன் ஒரு கடைக்கு மட்டும் ஆறு மாதம் கேட்டு வாங்கும் சாதாரண வழி அங்கே கிடையாது.

அமெரிக்காவில் முறை வேறு. இங்கே ஒவ்வொரு நிறுவனமும் தானே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். கேட்டால் ஆறு மாதம் கிடைக்கும், ஏன் என்று யாரும் விசாரிப்பதில்லை. கேட்காதவருக்கு ஒரு நாள்கூட இல்லை. பொது அறிவிப்பை நம்பியிருக்கக் கூடாது என்பதற்கு 2020-ஆம் ஆண்டே சாட்சி. கொரோனாவுக்காக அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ். ஏப்ரல் 15 கெடுவை ஜூலை 15-க்கு நகர்த்தியது. ஆனால் அந்தச் சலுகை ஏப்ரல் 1 முதல் வரும் கெடுக்களுக்குத்தான். கூட்டாண்மை நிறுவனங்களுக்கும் எஸ் கார்ப்பரேஷன்களுக்கும் கெடு மார்ச் நடுவிலேயே வந்து போயிருந்தது. ஊரெல்லாம் கடை அடைத்துக்கொண்டிருந்த அந்த வாரத்திலும் அவர்களுக்குத் தேதி நகரவில்லை. மறு ஆண்டு மே 17 வரை தள்ளிவைத்தபோதும், அது தனிநபர்களின் 1040 கணக்குக்கு மட்டுமே பொருந்தியது.

ஆகவே கேட்கப் பழகுங்கள். கேட்பதற்கான படிவத்தின் எண் 7004. ஒரே பக்கம்தான். கையெழுத்து வேண்டாம், காரணம் எழுதுவதற்கு அதில் இடமே இல்லை. கணக்காளர்களான சி.பி.ஏ.க்கள் “எக்ஸ்டென்ஷன் போட்டுவிடலாம்” என்று சொல்வது இதைத்தான்.

எக்ஸ்டென்ஷன் போட்டால் ஐ.ஆர்.எஸ். கண்ணில் பட்டுவிடுவோம், கணக்கில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்வார்கள் என்ற பயம் நம்மவர்களிடம் பரவலாக இருக்கிறது. இந்தப் பயத்தை விட்டுவிடுங்கள். சட்டம் தானாகக் கொடுக்கும் அவகாசம் இது. என் கருத்தில், அரைகுறையாக முடித்த கணக்கை மார்ச் 14 நள்ளிரவில் அனுப்புவதுதான் உண்மையான ஆபத்து. நிறுவனத்தின் கணக்கில் ஒரு பிழை இருந்தால், அதிலிருந்து ஒவ்வொரு பங்குதாரருக்கும் போன, அவர் பங்கு லாப நஷ்டத்தைக் காட்டும் கே-1 தாளும் பிழை. அதை வைத்து அவரவர் போட்ட 1040-உம் பிழை. பிறகு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும். அந்த வேலைக்கு ஆகும் கூலியும் மனஸ்தாபமும் எக்ஸ்டென்ஷனுக்கு ஆவதில்லை.

உங்கள் தொழிலுக்கு எது பொருந்தும்?

எல்லாத் தொழிலுக்கும் 7004 அல்ல. வரி விஷயத்தில் ஐ.ஆர்.எஸ். உங்கள் தொழிலை என்னவாகக் கருதுகிறது என்பதைப் பொறுத்தது அது. மாநிலத்தில் எல்.எல்.சி. என்று பதிந்திருப்பதை மட்டும் வைத்து அதை முடிவு செய்ய முடியாது.

ஒருவர் மட்டுமே உரிமையாளராக உள்ள எல்.எல்.சி., வேறு எதையும் தேர்ந்தெடுத்துத் தெரிவிக்காதவரை, வருமான வரிக்குத் தனி ஆளே அல்ல. அதன் கணக்கு உங்கள் சொந்த 1040-இல் ஷெட்யூல் சி-யாகப் போகும். கெடு ஏப்ரல் 15. அவகாசம் கேட்கும் படிவம் 4868. கிடைப்பது அக்டோபர் 15 வரை. இவர் எல்.எல்.சி. பெயரில் 7004 அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தால், சொந்தக் கணக்குக்கு அவகாசமே வாங்காதவர் ஆகிவிடுவார்.

இருவரோ அதற்கு மேற்பட்டவரோ சேர்ந்த எல்.எல்.சி. கூட்டாண்மையாகக் கொள்ளப்படும், படிவம் 1065. எஸ் கார்ப்பரேஷனுக்கு 1120-எஸ். காலண்டர் ஆண்டுக் கணக்கு வைத்திருந்தால் இரண்டுக்கும் மார்ச் 15 கெடு, 7004 போட்டால் செப்டம்பர் 15. சி கார்ப்பரேஷனுக்குப் படிவம் 1120, கெடு ஏப்ரல் 15, நீட்டித்தால் அக்டோபர் 15. சனி, ஞாயிறில் விழுந்தால் அடுத்த வேலை நாள்: 2025-இல் அது மார்ச் 17, 2026-இல் மார்ச் 16. பல ஆண்டுகளாகத் தொழிலில் இருப்பவர்கள் இந்தத் தேதிகளை மாற்றிச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். முன்பு கூட்டாண்மைக்கு ஏப்ரலும் சி கார்ப்பரேஷனுக்கு மார்ச்சும் இருந்தன. 2015-இல் வந்த ஒரு சட்டம் 2016 வரியாண்டு முதல் இரண்டையும் இடம் மாற்றிவிட்டது. பழைய நினைவில் சொல்பவர்களின் பேச்சைக் கேட்டு, கூட்டாண்மைக்கு ஏப்ரல் வரை நாள் இருக்கிறது என்று இருந்துவிடாதீர்கள்.

கணவன், மனைவி இருவர் மட்டும் பங்குதாரர்களாக உள்ள எல்.எல்.சி. நம்மிடையே மிக அதிகம். மளிகைக் கடை, டியூஷன் சென்டர், ஐ.டி. கன்சல்டிங் என்று பல. டெக்சஸ், கலிபோர்னியா, வாஷிங்டன், அரிசோனா உள்ளிட்ட ஒன்பது மாநிலங்களில் திருமணத்துக்குப் பின் சேர்ந்த சொத்து இருவருக்கும் பொதுவென்று சட்டம் கொள்கிறது. அங்கே இந்தத் தம்பதி விரும்பினால் தங்கள் எல்.எல்.சி.யை ஒருவர் நிறுவனம்போலவே நடத்தி, ஷெட்யூல் சி-யில் கணக்குக் காட்டலாம். நியூ ஜெர்சி அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே எடிசனில் அதே கடையை அதே தம்பதி நடத்தினால் 1065 போட வேண்டும், மார்ச்சுக்குள் 7004 கேட்க வேண்டும். டாலஸில் இருக்கும் உறவினர் சொன்னதைக் கேட்டு நியூ ஜெர்சியில் நடந்தால் சிக்கல் இங்கேதான் தொடங்கும்.

சந்தேகம் இருந்தால் போன ஆண்டு என்ன படிவம் போட்டீர்கள் என்று எடுத்துப் பாருங்கள். முதல் ஆண்டென்றால், நிறுவனத்தின் வரி எண்ணான இ.ஐ.என்.-ஐக் கொடுத்தபோது ஐ.ஆர்.எஸ். அனுப்பிய சி.பி. 575 கடிதத்தைப் பாருங்கள். எந்தப் படிவம் போட வேண்டும், எப்போது என்று அதிலேயே அச்சிட்டிருப்பார்கள்.

“வரியே இல்லையே, தாமதமானால் என்ன?”

1065, 1120-எஸ் போடும் நிறுவனங்கள் பொதுவாகத் தாமே வருமான வரி கட்டுவதில்லை. லாபமும் நஷ்டமும் கே-1 வழியாகப் பங்குதாரர்களுக்குப் போய்விடும், வரி அவரவர் கணக்கில். இதை வைத்துத்தான் மேலே உள்ள கேள்வி பிறக்கிறது. இந்த அத்தியாயத்தில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது இதற்கான பதிலை.

இந்த நிறுவனங்களுக்குத் தாமத அபராதம் வரியின் விழுக்காடாகக் கணக்கிடப்படுவதில்லை. தலைக்கு இவ்வளவு, மாதத்துக்கு இவ்வளவு என்று போடுகிறார்கள். 2024 வரியாண்டுக் கணக்குக்கு ஒரு பங்குதாரருக்கு ஒரு மாதத்துக்கு 245 டாலர். 2025 வரியாண்டுக்கு 255. ஒரு நாள் ஆனாலும் முழு மாதம். பன்னிரண்டு மாதம் வரை ஏறும். டாலஸ் பக்கம் மூன்று பேர் சேர்ந்து ஓர் உணவகம் நடத்துகிறார்கள் என்று வையுங்கள். 2025-இல் நஷ்டம்தான். டெலிவரி செயலிகளின் 1099-கே தாளும் கடையின் விற்பனைக் கணக்கும் ஒத்துப்போகவில்லை, கிரைண்டருக்கும் எக்ஸாஸ்ட் ஹூடுக்கும் வாங்கிய கடனின் வட்டிக் கணக்கு வரவில்லை என்று இழுத்து, எக்ஸ்டென்ஷன் போடாமல் 2026 ஜூலை 10-ஆம் தேதி 1065 அனுப்புகிறார்கள். மூன்று பேர், நான்கு மாதம், 255 டாலர்: 3,060 டாலர் அபராதம். ஒரு டாலர் வரி இல்லாத, நஷ்டத்தில் ஓடிய கடைக்கு. அதே மூவர் மார்ச் 16-க்குள் 7004 அனுப்பியிருந்தால் ஜூலை 10 என்பது இரண்டு மாதம் முன்கூட்டியே முடித்த கணக்கு, அபராதம் எதுவும் இல்லை.

கணக்கு மட்டும்தான் காத்திருக்கும்

எக்ஸ்டென்ஷன் கணக்கை அனுப்புவதற்கான அவகாசம். வரியைக் கட்டுவதற்கு அவகாசம் இல்லை. பணம் முதல் கெடுவிலேயே போய்ச் சேர வேண்டும். இதை ஒவ்வொரு சி.பி.ஏ.வும் சொல்லத்தான் செய்கிறார். கேட்கும் நேரத்தில் தலையாட்டிவிட்டு, அக்டோபரில் வட்டிக் கணக்கு வரும்போதுதான் பலருக்கு அது உறைக்கிறது.

இது நேரடியாகத் தாக்குவது சி கார்ப்பரேஷனை. 7004-இன் ஆறாவது வரியில் இந்த ஆண்டு மொத்த வரி எவ்வளவு வரும் என்று மதிப்பிட்டு எழுத வேண்டும். ஏழாவது வரியில் ஏற்கெனவே கட்டியது. எட்டாவது வரி மீதி. மதிப்பீடு என்பதற்காகச் சும்மா பூஜ்யம் போடக் கூடாது. முறையாக மதிப்பிட்ட தொகையைக் காட்டுவது அவகாசம் கிடைப்பதற்கான நிபந்தனைகளில் ஒன்று.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஸ்டாஃபிங் நிறுவனம், சி கார்ப்பரேஷன். ஏப்ரலில் கையில் இருக்கும் கணக்குப்படி லாபம் சுமார் 1,80,000 டாலர். கூட்டரசு வரி 21 விழுக்காடு, அதாவது 37,800. ஆண்டுக்குள் நான்கு தவணையாகக் கட்டியது 32,000. மீதி 5,800 டாலரை ஏப்ரல் 15-க்குள் கட்டிவிட்டு 7004 அனுப்புகிறார்கள். செப்டம்பரில் கணக்கு முடியும்போது லாபம் 1,95,000 என்று தெரிகிறது, வரி 40,950. ஏப்ரலுக்குள் கட்டிய 37,800 இதில் 90 விழுக்காட்டுக்கு மேல். கார்ப்பரேஷனுக்கு விதி என்ன சொல்கிறது என்றால், வரியில் 90 விழுக்காடாவது முதல் கெடுவுக்குள் கட்டியிருந்து, மீதியைக் கணக்கோடு சேர்த்துக் கட்டினால், தாமதமாகக் கட்டியதற்கான அபராதம் போடுவதில்லை. விடுபட்ட 3,150 டாலருக்கு வட்டி மட்டும் உண்டு. 2025 முழுவதும் அந்த வட்டி ஆண்டுக்கு 7 விழுக்காடு, நாள்தோறும் கூட்டு வட்டி. ஆகவே மதிப்பீட்டில் கொஞ்சம் தாராளமாக இருங்கள். கூடுதலாகக் கட்டியது திரும்பி வரும், அல்லது அடுத்த ஆண்டுக்கு வரவு வைக்கலாம். தவணைகளையே குறைவாகக் கட்டியிருந்தால் அதற்கு வேறோர் அபராதம் உண்டு. 7004 அதைத் தொடாது.

கையில் பணமே இல்லை என்றாலும் 7004-ஐ அனுப்புங்கள். இதை இரண்டு முறை படியுங்கள். கணக்குத் தாமதத்துக்கும் பணத் தாமதத்துக்கும் அபராதம் வேறு வேறு. சி கார்ப்பரேஷன் 10,000 டாலர் பாக்கி வைத்து, எக்ஸ்டென்ஷனும் இல்லாமல் நான்கு மாதம் தாமதித்தால், மாதம் 5 விழுக்காடு வீதம் 2,000 டாலர். எக்ஸ்டென்ஷன் போட்டுவிட்டு அதே பாக்கியை நான்கு மாதம் கழித்துக் கட்டினால், மாதம் அரை விழுக்காடு வீதம் 200 டாலர். வட்டி இரண்டு பக்கமும் உண்டு. பணம் இல்லையே என்று வெட்கப்பட்டுப் படிவத்தையும் அனுப்பாமல் இருப்பவர் பத்து மடங்கு கட்டுகிறார்.

கார்ப்பரேஷன்கள் பணத்தை மின்னணு வழியிலேயே கட்ட வேண்டும். வரி கட்டும் அரசின் மின்னணு முறையான இ.எஃப்.டி.பி.எஸ். கணக்கு வழியாகக் கட்டுவதானால், கெடுவுக்கு முந்தைய நாள் கிழக்கு நேரப்படி இரவு 8 மணிக்குள் ஏற்பாடு செய்துவிட வேண்டும். கெடு நாளன்று உட்கார்ந்தால் அது மறுநாள் கட்டியதாகிவிடும். புதிதாகக் கணக்குத் தொடங்குபவருக்கு இரகசிய எண் தபாலில்தான் வரும். அதற்கும் நாள் விட்டுவையுங்கள்.

கூட்டாண்மையும் எஸ் கார்ப்பரேஷனும் ஆறாவது வரியில் பெரும்பாலும் பூஜ்யம் போடும், அது சரிதான். ஆனால் பணப் பிரச்சினை மறைந்துவிடாது, பங்குதாரர் வீட்டுக்குப் போகிறது. நிறுவனம் செப்டம்பர் வரை தள்ளினால் கே-1 ஏப்ரலில் கைக்கு வராது. ஆகவே ஒவ்வொரு பங்குதாரரும் தம் 1040-க்குத் தனியாக 4868 போட்டு, தம் பங்கு லாபத்தை மதிப்பிட்டு வரியையும் ஏப்ரல் 15-க்குள் கட்ட வேண்டும். நிறுவனம் போட்ட எக்ஸ்டென்ஷன் தங்களுக்கும் சேர்த்துத்தான் என்று நினைத்து இருந்துவிடுகிற பங்குதாரர்கள் உண்டு. நிர்வாகம் பார்ப்பவர் நீங்களென்றால், கே-1 தாமதமாகும் என்பதையும் தோராயமான தொகையையும் மார்ச் மாதமே எழுத்தில் மற்றவர்களுக்குத் தெரிவித்துவிடுங்கள். கூட்டாளிகளுக்குள் பல சண்டைகள் இந்த ஒரு மின்னஞ்சல் போகாததால் வருகின்றன.

பெயர் எழுத்தில் கவனம்

படிவத்தை நிரப்புவது பத்து நிமிட வேலை. முதல் வரியில் எந்தக் கணக்குக்கு அவகாசம் என்று குறியீடு எழுத வேண்டும்: 1065-க்கு 09, 1120-க்கு 12, 1120-எஸ்-க்கு 25. ஒரு கணக்குக்கு ஒரு 7004. இரண்டு நிறுவனம் வைத்திருந்தால் இரண்டு படிவம்.

மின்னணுவில் அனுப்பும் படிவம் திரும்பி வருவதற்கு முக்கியமான காரணம் பெயர். ஐ.ஆர்.எஸ். பதிவேட்டில் உங்கள் நிறுவனப் பெயரின் முதல் நான்கு எழுத்துகளையும் இ.ஐ.என்.னையும் ஒப்பிட்டுப் பார்க்கும் முறை இருக்கிறது. நம் கடைப் பெயர்களுக்கு இது வில்லங்கம். லட்சுமியை ஆங்கிலத்தில் ‘கே-எஸ்’ போட்டும் எழுதுகிறோம், ‘எக்ஸ்’ போட்டும் எழுதுகிறோம். ஸ்ரீயில் ‘எச்’ சேர்த்தும் சேர்க்காமலும் எழுதுகிறோம். கடைப் பலகையில் ஒன்று, வங்கியில் ஒன்று, இ.ஐ.என். விண்ணப்பத்தில் வேறொன்று. கம்ப்யூட்டருக்கு அவை வெவ்வேறு நிறுவனங்கள். சி.பி. 575 கடிதத்தில் எந்த எழுத்தில் இருக்கிறதோ அதே எழுத்தில், அல்லது போன ஆண்டு கணக்கில் இருந்தபடி, அப்படியே எழுதுங்கள்.

முகவரி மாறியிருந்தால் 7004-இல் புது முகவரி எழுதுவது மட்டும் போதாது. பதிவேடு மாற அதற்கென உள்ள 8822-பி படிவத்தை அனுப்ப வேண்டும். ஏனென்றால் அவகாசம் கிடைத்துவிட்டது என்று ஐ.ஆர்.எஸ். கடிதம் அனுப்புவதில்லை, மறுத்தால் மட்டும்தான் அனுப்பும். அந்தக் கடிதம் பழைய கடைக்குப் போய்க் கிடந்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது.

ஒப்புகை உங்கள் கையில் இருக்கட்டும்

“எல்லாம் சி.பி.ஏ. பார்த்துக்கொள்வார்” என்பது நல்ல நம்பிக்கை. சட்டத்தின் முன் அது செல்லாது. 1985-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பாயில் வழக்கில் இதைத் தீர்த்துச் சொன்னது. தாயின் சொத்துக்கான வரிக்கணக்கை ஒரு வழக்கறிஞரிடம் ஒப்படைத்திருந்தார் மகன். கணக்கு என்ன ஆயிற்று என்று இடையிடையே விசாரித்துக்கொண்டும் இருந்தார். வழக்கறிஞர் அலுவலகத்தில் அந்தத் தேதியைக் காலண்டரில் குறிக்க மறந்துபோனார்கள். மூன்று மாதம் தாமதம். அபராதம் செல்லும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வரிச் சட்டத்தின் நுணுக்கத்தில் நிபுணர் சொன்னதை நம்பலாம்; ஆனால் ஒரு தேதிக்குள் அனுப்புவது யாராலும் செய்யக்கூடிய காரியம், அந்தப் பொறுப்பை இன்னொருவர் மேல் போட முடியாது என்பது அதன் சாரம். மின்னணுத் தாக்கலுக்கும் இதே நெறி பொருந்தும் என்று 2023-இல் பதினோராம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆகவே உங்கள் சி.பி.ஏ.விடம் “போட்டாச்சா?” என்று மட்டும் கேட்காதீர்கள். ஐ.ஆர்.எஸ். ஏற்றுக்கொண்டது என்ற மின்னணு ஒப்புகையின் நகலைக் கேளுங்கள். ‘அனுப்பப்பட்டது’ என்பதும் ‘ஏற்கப்பட்டது’ என்பதும் வேறு. மறுக்கப்பட்டால் திருத்தி மறுபடி அனுப்ப 7004-க்குக் கிடைப்பது ஐந்தே நாள். மார்ச் முதல் வாரத்தில் அனுப்பியிருந்தால் அந்த ஐந்து நாளே தேவைப்படாது. தாளில் அனுப்புகிறவர்கள் சான்றஞ்சலில் அனுப்பி, தேதி முத்திரையிட்ட ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கெடுவுக்குள் முத்திரை விழுந்திருந்தால் பின்னால் போய்ச் சேர்ந்தாலும் செல்லும்.

7004 தொடாதவை

மாநிலம் தனி. கலிபோர்னியா அவகாசத்துக்கு மனுவே கேட்பதில்லை, தானாகவே தந்துவிடுகிறது. ஆனால் எல்.எல்.சி.யின் 800 டாலர் ஆண்டு வரி அதற்காகக் காத்திருக்காது. டெக்சஸில் வருமான வரி இல்லை, ஃபிராஞ்சைஸ் வரிக் கணக்கு மே 15-க்கு வரும். அதற்கு அவகாசம் கேட்பது மாநிலத்தின் சொந்தப் படிவத்தில். நியூ ஜெர்சி கார்ப்பரேஷன்களிடம் தன் படிவத்தைத் தனியே கேட்கிறது. நியூயார்க்கில் நிறுவன அளவிலேயே வரி கட்டும் விருப்பத்தை மார்ச் 15-க்குள் தெரிவிக்க வேண்டும், அந்தத் தேதிக்கு நீட்டிப்பே இல்லை. நீங்கள் தொழில் செய்யும் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இதைத் தனித்தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஊழியர் சம்பள வரிக்கான 941, டபிள்யூ-2, 1099 தாள்கள், விற்பனை வரி, காலாண்டுத் தவணைகள் எதற்கும் 7004 உதவாது. எஸ் கார்ப்பரேஷனாக மாறத் தேர்ந்தெடுக்கும் 2553 படிவத்துக்கும் உதவாது. இந்திய வங்கியில் கணக்கு வைத்திருப்பவர்கள் போட வேண்டிய எஃப்பாருக்கு ஏப்ரல் 15-இலிருந்து அக்டோபர் 15 வரை தானாகவே அவகாசம் உண்டு, மனு வேண்டாம். இந்தியாவில் உள்ள பிரைவேட் லிமிடெட்டில் கணிசமான பங்கு வைத்திருந்து 5471 போட வேண்டியவர்கள், அது எந்தக் கணக்கோடு இணைகிறதோ அதற்கு அவகாசம் வாங்கினால் போதும். மறந்தால் அபராதம் 10,000 டாலரில் தொடங்கும்.

சென்னையிலோ கோவையிலோ இருந்துகொண்டு டெலவேரில் ஒருவருக்கு மட்டும் சொந்தமான எல்.எல்.சி. தொடங்கியவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. வருமானமே இல்லாவிட்டாலும், நீங்கள் போட்ட முதலீடு உட்பட உங்களுக்கும் அதற்கும் நடந்த பணப் பரிமாற்றத்தைப் படிவம் 5472-இல் எழுதி, பெயரளவுக்கான 1120-உடன் அனுப்ப வேண்டும். தவறினால் 25,000 டாலர். கணக்கு ஏப்ரல் 15-க்குள் முடியாவிட்டால் 7004 போடலாம்: குறியீடு 12, மேலே ‘வெளிநாட்டவருக்குச் சொந்தமான அமெரிக்க நிறுவனம்’ என்ற ஐ.ஆர்.எஸ். குறிப்பிடும் ஆங்கிலத் தொடர், மின்னணுவில் அல்லாமல் ஃபேக்ஸிலோ தபாலிலோ. டெலவேருக்கான 300 டாலர் ஆண்டு வரி வேறு, அதன் தேதி ஜூன் 1.

புயல், வெள்ளம், தீ என்று கூட்டரசு பேரிடராக அறிவித்த மாவட்டத்தில் தொழில் இருந்தால் ஐ.ஆர்.எஸ். தானே தேதியைத் தள்ளுவதுண்டு. 2021 பிப்ரவரியில் டெக்சஸ் உறைந்தபோது மாநிலம் முழுவதற்கும் ஜூன் 15 வரை கொடுத்தது. 2025 ஜனவரித் தீக்குப் பிறகு லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்துக்கு அக்டோபர் 15 வரை கொடுத்தது. இந்த அறிவிப்புகள் பணத்துக்கும் சேர்த்துத் தேதியை நகர்த்துவது வழக்கம் என்பதால், உங்கள் மாவட்டம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு முடிவெடுங்கள்.

வாங்கிய ஆறு மாதம்

இரண்டாவது எக்ஸ்டென்ஷன் கிடையாது. செப்டம்பர் 15 தவறினால் தலைக்கு மாதத்துக்கு என்ற அதே அபராதம் அங்கிருந்து ஓடத் தொடங்கும். ஆகவே என்ன காகிதம் குறைகிறது என்று மார்ச்சிலேயே ஒரு தாளில் எழுதி, ஜூன் இறுதிக்குள் சி.பி.ஏ. கையில் கொடுத்துவிடுங்கள். செப்டம்பர் முதல் வாரத்தில் அவர் மேசையில் எத்தனை பேரின் கணக்கு குவிந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்த அவகாசத்தில் ஒரு நல்ல வசதியும் உண்டு. செப்-ஐ.ஆர்.ஏ. ஓய்வுக்காலக் கணக்கில் போன ஆண்டுக்காகப் பணம் போட, கணக்குக்கு வாங்கிய நீட்டிப்புத் தேதி வரை நேரம் இருக்கிறது. எஸ் கார்ப்பரேஷன் மார்ச்சில் கையில் பணம் இல்லாமல் தவித்தால், செப்டம்பர் 15 வரை சேர்த்துப் போட்டு அந்த ஆண்டிலேயே செலவாகக் காட்டலாம். திட்டத்தையே அதற்குள் தொடங்கலாம்.

இவ்வளவு சொல்லியும் மார்ச் 15 தவறிவிட்டால், தேதி கடந்தபின் 7004 அனுப்பிப் பயனில்லை. கணக்கையே எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் அனுப்புங்கள், மாதம் மாறுவதற்குள். சி.பி. 162 என்ற அபராத அறிவிப்பு வந்தால் உடனே காசோலை எழுத வேண்டாம். முந்தைய மூன்று ஆண்டும் ஒழுங்காகத் தாக்கல் செய்து அபராதம் இல்லாமல் இருந்தவருக்கு முதல் தவறை மன்னிக்கும் ஏற்பாடு ஐ.ஆர்.எஸ்.ஸிடம் உண்டு, தொலைபேசியிலேயே கேட்கலாம். பத்துப் பேருக்கு மிகாத கூட்டாண்மை, எல்லோரும் தனிநபர்கள், ஒவ்வொருவரும் தம் பங்கைத் தம் கணக்கில் நேரத்தோடு காட்டிவிட்டார்கள் என்றால், 84-35 என்ற எண்ணுள்ள பழைய ஐ.ஆர்.எஸ். நடைமுறையைச் சுட்டி எழுதுங்கள். எஸ் கார்ப்பரேஷனுக்கு அது பொருந்தாது. இந்த இரண்டையும் ஐ.ஆர்.எஸ். தானாக முன்வந்து தரும் என்று காத்திருக்காதீர்கள். அறிவிப்பில் உள்ள பதில் தேதிக்குள் நீங்களே கேளுங்கள்.